யூரியா மூட்டை எங்கே போகிறது? மண்ணுக்குள் தழைச்சத்து படும் பாடு: கேள்விகளும் பதில்களும்

இன்று கடையில் வாங்கும் யூரியா மூட்டையின் எடை 45 கிலோ. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். கணக்குப் போட்டால் ஒரு மூட்டைக்கு 20 கிலோ 700 கிராம். நெல் வயலில் இதில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் முப்பது முதல் நாற்பது சதவீதம்தான். மீதியில் கொஞ்சம் மண்ணில் தங்குகிறது. மற்றது காற்றோடும் தண்ணீரோடும் போய்விடுகிறது. எந்த வழியாக, எந்த நாளில் போகிறது என்று தெரிந்தால் ஓரளவாவது மறிக்கலாம். விவசாயிகளும் வேளாண் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் காவிரி டெல்டாவின் நெல் வயலிலிருந்து வருகின்றன; எனக்கு நன்றாகத் தெரிந்த மண் அதுதான்.

யூரியாவைப் பயிர் அப்படியே உறிஞ்சிக்கொள்ளாதா?

கொஞ்சம் உறிஞ்சும். இலைமேல் தெளித்தால் இலையும், தண்ணீரில் கரைந்து வேருக்குப் பக்கத்தில் வந்தால் வேரும் யூரியாவை முழு மூலக்கூறாகவே எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் வயலில் வீசிய யூரியாவில் பெரும்பகுதி அதற்கு முன்பே உடைந்துவிடுகிறது. உடைந்தபின் கிடைக்கும் அம்மோனியமும், அது மேலும் மாறிக் கிடைக்கும் நைட்ரேட்டும்தான் வேரின் அன்றாடச் சாப்பாடு. நெல்லுக்கு இரண்டில் அம்மோனியம்தான் பிடித்தது. தண்ணீர் நிற்கும் மண்ணில் அதற்குக் கிடைப்பதும் அதுதான்.

யூரியாவை மண்ணில் உடைப்பது எது? வெயிலா, தண்ணீரா?

இரண்டும் இல்லை. சுத்தமான தண்ணீரில் யூரியாவைக் கரைத்து மூடி வைத்தால் அது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். மண்ணில் அது இரண்டு முதல் நான்கு நாட்களில் உடைந்துபோகக் காரணம் யூரியேஸ் என்னும் நொதி. யூரியாவோடு தண்ணீரைச் சேர்த்து, அதை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரித்துவிடுவதுதான் அதன் வேலை.

இந்த நொதியைப் பாக்டீரியா, பூஞ்சை, செடி எல்லாமே தயாரிக்கின்றன. தயாரித்த உயிர் செத்துப்போன பிறகும் யூரியேஸ் களிமண்ணிலும் மட்கிலும் ஒட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் யூரியேஸ் இல்லாத விளைநிலம் என்று ஒன்று கிடையாது. போன பயிரின் தாளும் குப்பையும் மேலாகக் கிடக்கும் வயலில் அது இன்னும் அதிகம்.

ஒரு பழைய செய்தி. ஒரு நொதியை முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுத்தவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர், ஆண்டு 1926. அந்த நொதி யூரியேஸ்தான். அவர் அதை எடுத்தது நம் தம்பட்டை அவரைக்கு நெருங்கிய உறவான ஓர் அவரை விதையிலிருந்து. நொதி என்பது ஒரு புரதம் என்று அவர் சொன்னதைப் பலர் நம்பவில்லை. இருபது ஆண்டு கழித்து, 1946இல், அவருக்கு நோபல் பரிசு வந்தது.

யூரியா தண்ணீரில்தானே கரைகிறது? அப்புறம் எப்படிக் காற்றில் போகும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

யூரியா உடைந்ததும் தண்ணீரில் இரண்டு உருவங்கள் இருக்கும். ஒன்று அம்மோனியம், மின்னூட்டம் உள்ளது, காற்றில் ஏறாது, களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். மற்றொன்று அம்மோனியா, அது வாயு, வாய்ப்புக் கிடைத்தால் பறந்துவிடும். எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் கார அமில நிலை (pH; 7 நடுநிலை, மேலே போகப் போகக் காரம்) தீர்மானிக்கிறது. அந்த நிலை 7 என்றால் அம்மோனியாவின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இராது. 8க்குப் போனால் ஐந்தாறு பங்கு. 9க்குப் போனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். எண் ஒன்று கூடினால் அம்மோனியாவின் பங்கு ஒன்று கூடுவதில்லை, ஆறு முதல் பத்து மடங்குவரை ஆகிறது. இதை மறந்துவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

இப்போது நடவு முடிந்து பத்து நாளான வயலை நினைத்துப் பாருங்கள். பயிர் சின்னது, நிழல் இல்லை. தேங்கி நிற்கும் தண்ணீரில் பச்சையாகப் பாசி. வெயில் ஏற ஏறப் பாசி ஒளிச்சேர்க்கை செய்து, தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சித் தீர்க்கிறது. அந்த வாயுதான் தண்ணீருக்குச் சற்று அமிலத் தன்மை தந்துகொண்டிருந்தது. அது போனதும் காலையில் 7, 7.5 என்று இருந்த அளவு பிற்பகலில் 9ஐத் தாண்டிவிடுகிறது. இரவில் பாசி மூச்சு விடும்போது மறுபடி இறங்குகிறது. ஒரே வயல், ஒரே தண்ணீர், பகலில் ஒரு குணம், இரவில் வேறு குணம்.

அந்தத் தண்ணீரில் யூரியா உடைந்துகொண்டிருந்தால் பகலில் அம்மோனியா வெளியேறும். கூடவே காற்றும் அடித்தால் கேட்கவே வேண்டாம். நின்ற தண்ணீரில் வீசிய யூரியாவில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை இப்படியே போயிருப்பதை வயல் அளவீடுகள் காட்டியிருக்கின்றன. மூட்டையில் பாதி! அதுவும் முதல் ஒரு வாரத்துக்குள். திறந்த வெளியில் கலந்துவிடுவதால் மூக்குக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. கழுவாத மாட்டுக் கொட்டகையில் காலையில் மூக்கைத் துளைக்கிறதே, அதே வாயுதான்.

அப்படியானால் மாலையில் போட்டால் போதுமா?

மாலையில் போடுங்கள் என்ற அறிவுரை பாதி உண்மை. காலையில் பனி ஈரத்தோடு இருக்கும் இலையில் யூரியாக் குருணை ஒட்டினால் இலை கருகும். மாலையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் யூரியா உடையவே இரண்டு நாளாவது ஆகிறது. இன்று மாலை போட்ட யூரியா நாளை மறுநாள் நண்பகலில் தண்ணீரிலேயே நின்றிருந்தால் அதே கதைதான்.

கடிகாரத்தைவிட முக்கியம், யூரியா உடைவதற்குள் அது மண்ணுக்குள் போய்விட்டதா என்பது. உடையாத யூரியாவுக்கு மின்னூட்டம் இல்லை. தண்ணீர் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போகும். ஆகவே வயல் தண்ணீரை வடித்து, சேறு கண்ணுக்குத் தெரியும் நிலையில் யூரியாவை வீசி, மறுநாள் தண்ணீர் கட்டினால், தண்ணீர் இறங்கும்போது யூரியாவும் மண்ணுக்குள் இறங்கும். உள்ளே போய் உடைந்தால் அங்கே களிமண் அம்மோனியத்தைப் பிடித்துக்கொள்ளும். அடியுரமாகப் போடுவதைக் கடைசிச் சேற்றுழவில் மண்ணோடு கலந்துவிடுவதும் இதற்காகத்தான்.

வடிக்க வசதியில்லாத பள்ள வயலில் என்ன செய்வது? தண்ணீர் மட்டத்தையாவது குறைத்துக்கொண்டு, ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். மடையை அடைத்திருக்கிறீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். இல்லையென்றால் உங்கள் யூரியாவில் பக்கத்து வயல் பச்சை கட்டும்.

களர் நிலத்தில் ஏன் எவ்வளவு போட்டாலும் பச்சை பிடிப்பதில்லை?

களர் மண்ணின் கார அமில நிலை 8.5க்கு மேல். மேலே சொன்ன கணக்கை அங்கே வைத்துப் பாருங்கள். பாசியின் உதவி இல்லாமலே அம்மோனியா கிளம்பத் தயாராக இருக்கிறது. முதலில் ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடித்து, நிலத்தைத் திருத்த வேண்டும். அதுவரை யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட் பரவாயில்லை. அதிலிருந்தும் அம்மோனியா போகும். ஆனால் யூரியா உடையும்போது குருணையைச் சுற்றித் தானே காரத்தைக் கூட்டிக்கொள்ளும், அம்மோனியம் சல்பேட் அப்படிச் செய்வதில்லை.

அம்மோனியம் மண்ணில் நின்றுவிட்டால் நல்லதுதானே? அது ஏன் நைட்ரேட்டாக மாறுகிறது?

நமக்கு நல்லதுதான். ஆனால் அம்மோனியத்தை எரித்துப் பிழைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கின்றன. நாம் சோற்றிலிருந்து ஆற்றல் எடுப்பதுபோல அவை அம்மோனியத்திலிருந்து எடுக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியத்தை நைட்ரைட்டாக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இரண்டுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும்.

இது உயிர்களின் வேலை என்பதைக் காட்டியது 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் இருவரும் செய்த சோதனை. மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய்வழியாகச் சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டார்கள். ஏறக்குறைய இருபது நாட்கள் அம்மோனியா உள்ளே போனபடியே வெளியே வந்தது. பிறகு நைட்ரேட் வர ஆரம்பித்தது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே வந்திருக்க வேண்டும். குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் நைட்ரேட் நின்றது. அந்த மயக்க மருந்தை நீக்கி, தோட்டத்து மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியதும் மறுபடி வந்தது. சில ஆண்டுகள் கழித்து ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்தார்.

இரண்டு கூட்டம் இரண்டு படியாகச் செய்யும் வேலை என்றுதான் நூறாண்டுக்கும் மேலாகப் பாடம் நடந்தது. 2015இல் இரண்டு படியையும் தனியாகவே முடிக்கும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். நான் படித்த காலத்துப் பரீட்சைத் தாளில் இதை எழுதியிருந்தால் மதிப்பெண் போயிருக்கும்.

நைட்ரேட்டாகும்போது அமிலமும் உண்டாகிறது. மழை அதிகமுள்ள சிவப்பு மண்ணிலும் தேயிலைத் தோட்டங்களிலும் ஆண்டுக்கணக்கில் அம்மோனிய உரம் போட்டு மண் புளித்துப்போவது இதனால்தான். டெல்டாவின் களிமண்ணுக்கு அந்தப் பயம் குறைவு.

காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் தழைச்சத்து வீணாகுமா?

வயலை மாறி மாறிக் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டும் இந்த முறையில் வீணாகலாம்; எப்போது காயவிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

தண்ணீர் நிற்கும் வயலை வெட்டிப் பார்த்தால் மேலே சில மில்லிமீட்டர் மண் மட்டும் பழுப்பாக இருக்கும். அங்கே ஆக்ஸிஜன் உண்டு. அதற்குக் கீழே சாம்பல் நிறம். அங்கே ஆக்ஸிஜன் கிடையாது. காயவிட்டால் காற்று கீழே இறங்கும், அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும். மறுபடி தண்ணீர் கட்டினால் காற்று தீரும். அப்போது வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் ஆக்ஸிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைச் சுவாசிக்கத் தொடங்கும். நைட்ரேட் படிப்படியாக ஆக்ஸிஜனை இழந்து, நைட்ரிக் ஆக்ஸைடாகி, நைட்ரஸ் ஆக்ஸைடாகி, கடைசியில் வெறும் நைட்ரஜன் வாயுவாகிக் குமிழியிட்டுப் போய்விடும். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு இருக்கும் அதே நைட்ரஜன். தொழிற்சாலையில் பெரும் அழுத்தம், பெரும் வெப்பம், எரிவாயு எல்லாம் செலவழித்துக் காற்றிலிருந்து பிடித்து மூட்டையில் கட்டியதைச் சேற்றுப் பாக்டீரியா சத்தமில்லாமல் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

நடுவில் தப்பிப் போகும் நைட்ரஸ் ஆக்ஸைடு, பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிரிப்பூட்டும் வாயு. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். காய்ச்சலும் பாய்ச்சலும் மீத்தேனைக் குறைக்கிறது, இதைச் சற்றுக் கூட்டுகிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் லாபம்தான். தண்ணீர் மிச்சமாவதைச் சொல்லவே வேண்டாம். அந்த முறையை நான் குறை சொல்லவில்லை. மேலுரம் போட்டுத் தண்ணீர் கட்டியபின் ஒரு வாரமாவது காயவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அதற்குள் வேர் தன் பங்கை எடுத்துவிடும்.

குறுவைத் தாளை மடக்கி உழுது தாளடி நட்டேன். பயிர் மஞ்சளாக நிற்கிறது. யூரியா போட்டும் எழவில்லை. ஏன்?

அறுவடை இயந்திரம் வந்த பிறகு வயலிலேயே விழும் தாளின் அளவு கூடிவிட்டது. குறுவை அறுவடைக்கும் அதையடுத்து வரும் தாளடி நடவுக்கும் நடுவே கிடைக்கும் நாட்களோ குறைவு. இரண்டும் சேர்ந்ததால்தான் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது.

நூறு கிலோ நெல் வைக்கோலில் நாற்பது கிலோ கரிமம் இருக்கிறது. தழைச்சத்தோ அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குத் தம் உடலைக் கட்ட, எட்டுப் பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். தின்ற கரிமத்தில் மூன்றில் ஒரு பங்கை உடலாக்குகின்றன, மீதியை மூச்சாக விடுகின்றன என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தழைச்சத்து தேவைப்படும். வைக்கோலில் இருப்பது போதாது. பற்றாக்குறையை எங்கே எடுக்கும்? மண்ணில் கரைந்திருக்கும் அம்மோனியத்தில்தான். வேருக்கும் நுண்ணுயிருக்கும் பந்தி ஒன்றானால் நுண்ணுயிர்தான் முதலில் சாப்பிடும். தண்ணீருக்கடியில் அவை மந்தமாக வளர்வதால் இந்தப் பற்றாக்குறை கணக்கில் வருவதைவிடக் குறையும், இல்லாமல் போகாது.

நல்ல செய்தி, அந்தத் தழைச்சத்து வயலை விட்டுப் போகவில்லை. நுண்ணுயிர்கள் சாகச் சாக மூன்று நான்கு வாரத்தில் திரும்பி வரத் தொடங்கும். கெட்ட செய்தி, தூர் கட்டும் பருவம் அதற்குள் பாதி முடிந்திருக்கும்.

தாளை மடக்கி உழும் முதல் சேற்றுழவில் ஹெக்டேருக்கு 22 கிலோ யூரியா போடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு ஒன்பது கிலோ. நுண்ணுயிர்களுக்கு முன்பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது இடைவெளி: தாள் அழுக இரண்டு வாரம் கொடுத்துவிட்டு நடுவது. ஒன்றைச் சரிபார்க்கவும் மறக்காதீர்கள். பயிரைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது தழைச்சத்துப் பற்றாக்குறை இல்லை. அழுகலில் பிறந்த கந்தக வாயு வேரை அடைத்திருக்கிறது. அப்போது மேலும் யூரியா கொட்டிப் பயனில்லை. தண்ணீரை வடித்து இரண்டு நாள் காற்றாட விடுங்கள்.

தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் மட்டும் ஏன் மஞ்சளாவதில்லை?

தக்கைப்பூண்டு உரத்துக்காகவே வளர்த்து மடக்கி உழும் பசுந்தாள் பயிர். பூக்கும் முன் மடக்கிய தக்கைப்பூண்டில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் இருபதுக்கு ஒன்று என்ற அளவிலோ அதற்குக் கீழோ இருக்கும். நுண்ணுயிர்கள் தம் தேவை போக மிச்சத்தை வெளியே விடுகின்றன. புரதம் அமினோ அமிலமாகி, அமினோ அமிலம் அம்மோனியமாகிறது. அதையே முற்றவிட்டு, தண்டு விறகான பிறகு மடக்கினால் வைக்கோலின் குணம் வந்துவிடும்.

ரசாயன நைட்ரேட்டும் இயற்கை நைட்ரேட்டும் ஒன்றா?

வேருக்கு ஒன்றுதான். அது முகவரி கேட்பதில்லை. மாட்டுக் கோமியத்தில் இருக்கும் தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியாவே. அதை 1828இல் ஜெர்மனியின் வோலர் ஆய்வகத்தில் தயாரித்துக் காட்டியபோதுதான், உயிருள்ள உடலுக்குள் மட்டுமே உண்டாகும் என்று நம்பிய பொருளை வெளியிலும் செய்ய முடியும் என்று தெரிந்தது.

வித்தியாசம் கூட வரும் கரிமத்தில் இருக்கிறது. தொழுவுரத்தில் தழைச்சத்து அரைச் சதவீதம்தான், ஒரு டன்னுக்கு ஐந்து கிலோ. அதிலும் ஒரு பகுதிதான் முதல் ஆண்டில் வெளிவரும். ஆனால் மீதி மட்காகி, அம்மோனியத்தைப் பிடித்து வைக்கும் இடமாக நிற்கிறது. யூரியா அப்படி எதையும் விட்டுப்போவதில்லை. இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுபவர்களிடம் நான் வாதம் செய்வதை நிறுத்திவிட்டேன்.

வேப்பெண்ணெய் பூசிய யூரியா பூச்சியைக் கொல்லுமா?

கொல்லாது. அந்த மெல்லிய பூச்சு அதற்கானதும் இல்லை. வேம்பில் உள்ள பொருட்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களைச் சில நாட்கள் மந்தப்படுத்துகின்றன. 1970களிலேயே தில்லியில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2015 முதல் இந்தியாவில் தயாராகும் யூரியா முழுவதற்கும் இந்தப் பூச்சு கட்டாயம்; மானிய யூரியா ஒட்டுப்பலகைப் பசைக்கும் வேறு தொழில்களுக்கும் திருட்டுத்தனமாகப் போவதைத் தடுப்பதும் நோக்கங்களில் ஒன்று. அம்மோனியா ஆவியாவதை இது தடுக்கும் என்று நம்பி நின்ற தண்ணீரில் வீசாதீர்கள். ஐந்து பங்கு யூரியா, நான்கு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்துப் போடும் முறை நம்மிடம் முன்பே இருந்தது. இன்றும் நல்ல முறைதான்.

கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் எப்படி வருகிறது?

நைட்ரேட்டுக்கு எதிர்மின்னூட்டம் (நெகட்டிவ்), களிமண்ணுக்கும் அதே மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளுவதால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடுகிறது. மணற்பாங்கான தோட்டக்கால் நிலத்தில் வேகமாக இறங்கும். கழிவுநீர்த் தொட்டிகளுக்கும் இதில் பங்குண்டு. குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கலக்கக் கூடாது. குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை நைட்ரேட் குறைக்கும். கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும்.

எவ்வளவு யூரியா போட வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மண் பரிசோதனைக்குப் பிறகு, இலை வண்ண அட்டை; வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சைவரை எண் போட்ட பட்டைகள் அதில் இருக்கும். நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும்வரை வாரம் ஒருமுறை, முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்குப் பொதுவாக 4; அதற்குக் கீழே இறங்கினால் மட்டும் மேலுரம். மூட்டை மானிய விலையில் 270 ரூபாய்க்குள் கிடைப்பதால் கரும்பச்சையாகும்வரை போடும் பழக்கம் வந்துவிட்டது. கரும்பச்சை இலை இலைச்சுருட்டுப் புழுவுக்கும் புகையானுக்கும் விருந்து. பயிரும் சாயும்.

நானோ யூரியா ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமமா?

நானோ யூரியா இலையில் தெளிக்கும் திரவ உரம். 2021இல் அறிமுகமானபோது அரை லிட்டர் பாட்டிலில் 4 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20 கிராம். மூட்டையில் 20 கிலோ 700 கிராம். இலைவழி கொடுப்பது வீணாவதைக் குறைக்கும் என்பது சரி. ஆனால் மூட்டையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டுமே பயிருக்குப் போனாலும் அது ஏழு கிலோ. இருபது கிராமால் ஏழு கிலோவின் வேலையைச் செய்ய முடியும் என்பவர்கள்தான் கணக்கை விளக்க வேண்டும்.

மழை வரும்போல இருக்கிறது. இன்றே யூரியா போட்டுவிடலாமா?

மிதமான மழை என்றால் போடலாம். யூரியாவை மண்ணுக்குள் இறக்கும் வேலையை அது இலவசமாகச் செய்யும். ஐப்பசி அடைமழை என்றால் வேண்டாம். வரப்பு வழியத் தண்ணீர் ஓடினால், உடையாத யூரியா முழுதும் அதோடு வடிகாலுக்குப் போய்விடும். மழை விட்டு, வடிந்து, சேறு தெரியும்வரை பொறுங்கள். நான்கு நாள் தாமதத்தைப் பயிர் தாங்கும்.